யாருடைய மனம் நோயுற்றது?
சமூகப் பணியில் உளச்சிகிச்சை முறைகள்: சேரியிலிருந்து ஓர் ஒப்பீடு

(எம்.ரெட்டியபட்டியில் நிகழ்த்தப்பட்ட நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



யாருடைய நினைவாக நாம் ஆண்டுதோறும் இங்கே கூடுகிறோமோ அந்த ஆசிரியர், பேச வருகிறவர்களிடம் ஒரே ஒரு நிபந்தனைதான் வைப்பார். "தெரிஞ்சதைப் பேசுங்க, நம்ம தெருவுல நின்னு பேசுங்க" என்பார். நிலம், கூலி, இடஒதுக்கீடு, இலக்கியம் என்று இந்த மேடையில் பலமுறை பேசியிருக்கிறோம். மனத்தைப் பற்றிப் பேசியதில்லை. பேசினால் நம்மைப் பலவீனர்கள் என்று சொல்லிவிடுவார்களோ என்ற கூச்சம் நமக்கு உண்டு. அந்தக் கூச்சத்தோடு இருந்தே சில பிள்ளைகளைத் தற்கொலைக்குப் பறிகொடுத்திருக்கிறோம். வன்கொடுமை வழக்குகளில் எத்தனையோ சாட்சிகள் பாதியில் உடைந்துபோனதைப் பார்த்திருக்கிறோம். அவர்கள் உடைந்தபோது பக்கத்தில் இருக்க வேண்டிய அறிவுத்துறைகளில் ஒன்று நான் படித்த சமூகப் பணி. அதனால் இன்று அந்தத் துறையின் வரலாற்றைச் சொல்லி, அது கையில் வைத்திருக்கும் சிகிச்சை முறைகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று வந்திருக்கிறேன்.

1. பதிவேட்டில் அடிக்கப்பட்ட வரி

மதுரையில் சமூகப் பணி முதுகலை படித்தபோது வாரத்தில் சில நாட்கள் களப்பணி. நமது கரிசல் பகுதியில் ஒரு காலனிக்கு என்னை அனுப்பினார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே மிளகாய்க் காட்டு வேலைக்குப் போகும் ஓர் அம்மா. நான் அவரைச் சின்னம்மா என்று கூப்பிட்டேன். குழாயடித் தகராறில் ஊர்க்காரர்கள் அவரைச் சாதி சொல்லித் திட்டி அடித்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவாகியிருந்தது. நான்கு மாதமாகத் தூக்கம் இல்லை. இராத்திரியில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் நெஞ்சு படபடக்கும், கை உதறும். மருத்துவமனையில் மாத்திரை கொடுத்திருந்தார்கள்.

நான் பதிவேட்டில் எழுதினேன்: பெயர், வயது, குடும்பம், கல்வி. பிரச்சினை: தூக்கமின்மை, பதற்றம். அதன் கீழே இன்னொரு வரி: வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லி இரவில் தெருமுனையில் வண்டிகள் வந்து நிற்கின்றன. மேற்பார்வையாளர் அந்த வரியைச் சிவப்பு மையில் அடித்தார். பயனாளியின் உளநிலைக்குத் தொடர்பற்றது என்று ஓரத்தில் குறிப்பு. அவர் கெட்டவர் அல்ல. அவருக்குச் சொல்லிக் கொடுத்ததை அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் சின்னம்மா கேட்டார்: "என்னப்பத்தி என்ன எழுதியிருக்கீக தம்பி, வாசிங்க." வாசித்தேன். முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தூக்கம் வரலேன்னு எழுதியிருக்கீக. ஏன் வரலேன்னு எழுதலையே."

இன்று நான் பேசப்போகும் எல்லா முறைகளையும் இந்தக் கேள்விக்கு முன்னால் நிறுத்திப் பார்க்கிறேன். எந்த முறை 'வரவில்லை' என்பதை மட்டும் கேட்கிறது? எந்த முறை 'ஏன்' என்பதையும் கேட்கிறது?

2. பம்பாய், 1936

இந்தியாவில் சமூகப் பணியைப் படிப்பாகக் கற்பிக்கும் முதல் நிறுவனம் 1936இல் பம்பாயில் தொடங்கியது. சர் டோராப்ஜி டாட்டா பெயரிலான பட்டமேற்படிப்புப் பள்ளி அது. இன்றைய டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் அதுதான். அதன் முதல் இயக்குநர் கிளிஃபோர்ட் மான்ஷார்ட், நாக்பாடாவில் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு நடுவே பணிசெய்த அமெரிக்க மிஷனரி. பாடத்திட்டம் பெரும்பாலும் அமெரிக்காவைப் பார்த்தே அமைந்தது.

அதே 1936. அதே பம்பாய். லாகூரில் பேச அழைக்கப்பட்டு, பேச்சின் கருத்துகளை ஏற்க மனமில்லாத அமைப்பாளர்களால் கூட்டம் ரத்து செய்யப்பட்ட ஒரு தலைமையுரையை அண்ணல் அம்பேத்கர் மே மாதம் தாமே அச்சிட்டு வெளியிட்டார். 'சாதி ஒழிப்பு' என்று நாம் அறிந்த நூல் அது. பெரியாரின் முயற்சியால் விரைவிலேயே தமிழிலும் வந்தது. இந்த மன்றத்தில் பலருக்கு அது மனப்பாடம். அதில் மனம் பற்றிய ஒரு வாதம் இருக்கிறது. சாதி என்பது இடித்துத் தள்ளக்கூடிய மதில்போல ஒரு பொருள் அல்ல, அதைக் கடைப்பிடிக்கிறவர்களின் மனத்தில் குடியிருப்பது என்கிறார் அம்பேத்கர். அதனால் மாற வேண்டியது அந்த மனமும், அதற்குப் புனிதம் கொடுக்கும் சாத்திரமும் என்று முடிவுக்கு வருகிறார்.

ஒரே நகரத்தில் ஒரே ஆண்டில் இரண்டு தொடக்கங்கள். ஒன்று, துன்பப்படுகிறவர் மனத்தை ஆராய்ந்து அவரைச் சமூகத்தோடு பொருத்திவைக்கும் படிப்பு. இன்னொன்று, துன்பப்படுத்துகிறவர் மனத்தை ஆராயும் நூல். இரண்டும் ஒன்றையொன்று சந்திக்காமலேயே பல பத்தாண்டுகள் ஓடின. 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியில் சென்னை சமூகப் பணிப் பள்ளி வந்தது. பின்னர் மதுரையிலும் கோவையிலும் வந்தன. நான் படித்த காலத்திலும் உளச்சிகிச்சைத் தாளில் ஃபிராய்டு இருந்தார், அம்பேத்கர் இல்லை.

3. கடல் கடந்து வந்த வழிகள்

அமெரிக்காவில் மேரி ரிச்மண்ட் 1917இல் 'சமூக நோயறிதல்' என்ற பெருநூலை எழுதினார். ஒரு குடும்பத்துக்கு உதவ வேண்டுமானால் அதன் வீடு, வேலை, உறவு, அக்கம்பக்கம், பள்ளி எல்லாவற்றையும் விசாரித்துச் சான்று சேர்க்க வேண்டும் என்பது அவர் முறை. தனிநபர் சமூகப் பணி, நாங்கள் 'கேஸ் ஒர்க்' என்று சொல்வது, அங்கிருந்துதான் உருவானது. கவனியுங்கள்: ரிச்மண்ட் கையில் அந்தச் சிவப்பு மை இருந்திருந்தால் தெருமுனை வண்டிகள் பற்றிய வரியை அடித்திருக்க மாட்டார்.

முதல் உலகப் போரில் மனம் சிதைந்து திரும்பிய சிப்பாய்களைக் கவனிக்க ஆள் தேவைப்பட்டது. 1918இல் ஸ்மித் கல்லூரியில் மனநலச் சமூகப் பணிக்கான பயிற்சி தொடங்கியது. 1920களில் ஃபிராய்டின் கருத்துகள் அத்துறைக்குள் வெள்ளமாகப் புகுந்தன. வீதியிலும் ஆலையிலும் இருந்த பிரச்சினை மெல்ல மனிதரின் உள்ளுக்குள் நகர்ந்தது. குழந்தைப் பருவம், அடக்கப்பட்ட ஆசை, தற்காப்பு உத்திகள் என்று பேச்சு மாறியது. இந்த முறை நமக்குத் தந்த ஒன்றை மறுக்கக்கூடாது: மறந்துபோனதாக நாம் நினைக்கும் அவமானம் உடம்பில் வேறு வடிவில் திரும்பி வரும் என்பதை அது காட்டியது. ஆனால் அது கேட்கும் நேரமும் பணமும் தனியறையும் கூலிக்காரருக்கு வாய்க்காது. அதைவிடப் பெரிய சிக்கல், சின்னம்மாவின் பயத்தை நாற்பது வருடம் பின்னால் போய்த் தேடுவது. காரணம் நேற்று இராத்திரி தெருமுனையில் நின்றுகொண்டிருந்தது.

அடுத்து வந்தவர் கார்ல் ரோஜர்ஸ். 1928 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் ரோசெஸ்டர் நகரில் குழந்தைகள் பாதுகாப்பு அமைப்பில் வேலை பார்த்தவர். அடங்காத ஒரு பையனின் தாயிடம், தவறு உங்கள் பக்கம்தான் என்று பல வாரம் புரியவைக்க முயன்று தோற்றார். சிகிச்சையை நிறுத்திக்கொள்ளலாம் என்றார். அந்தத் தாய் கதவு வரை போய்த் திரும்பி, இங்கே பெரியவர்களுக்கும் ஆலோசனை உண்டா என்று கேட்டு உட்கார்ந்து, தன் மணவாழ்வின் துயரத்தைத் தன் போக்கில் கொட்டினார். எங்கே வலிக்கிறது என்பது வந்தவருக்குத்தான் தெரியும் என்பதை ரோஜர்ஸ் அங்கே கற்றார். சக சமூகப் பணியாளர்களிடமும் அவர் நிறையக் கற்றார். 1951இல் வந்த 'வாடிக்கையாளர் மையச் சிகிச்சை' நூல் அந்த அனுபவத்தின் பழம். தீர்ப்புச் சொல்லாமல் கேட்பது, மதிப்போடு கேட்பது, உண்மையாக இருப்பது என்ற மூன்றும் அதன் அடிப்படை.

காலனியில் பிறந்தவருக்கு இது சாதாரண விஷயம் அல்ல. அலுவலகத்தில் நாற்காலி போட்டு, குறுக்கே பேசாமல் அரைமணி நேரம் தன் பேச்சை ஒருவர் கேட்டார் என்பதே பலருக்கு வாழ்வில் முதல் முறையாக நடக்கும். எந்த முறையைக் கையாண்டாலும் ரோஜர்ஸ் சொன்ன மரியாதை இல்லாமல் தொடங்கக்கூடாது. ஆனால் கேட்பது மட்டும் போதுமா? கேட்டுவிட்டு நான் மாலைப் பேருந்தில் மதுரைக்குப் போய்விடுவேன். வண்டிகள் இரவில் வரும்.

1957இல் ஹெலன் ஹாரிஸ் பெர்ல்மன் தனிநபர் பணியைச் சிக்கல் தீர்க்கும் நடைமுறையாக வகுத்தார். பிரச்சினையைச் சிறு துண்டுகளாக உடை, கையில் எடுக்கக்கூடியதை எடு, வந்தவரையே முடிவெடுக்க வை. உதவித்தொகை மனு, நீதிமன்றத் தேதி, பிள்ளையின் விடுதி இடம் என்று பத்து முடிச்சுகளோடு வரும் நம்மவர்களுக்கு இது நன்றாகவே பொருந்தும்.

இன்று அதிகம் பேசப்படுவது ஆரன் பெக் 1960களில் உருவாக்கிய அறிதல் சிகிச்சையும், நடத்தைப் பயிற்சியோடு அது சேர்ந்த அறிதல்-நடத்தைச் சிகிச்சையும். மனச்சோர்வில் இருப்பவரிடம் தானாக எழும் எண்ணங்களைப் பிடித்து, அதற்குச் சான்று என்ன, எதிர்ச் சான்று என்ன என்று கேட்டு, சிந்தனைப் பிழைகளைத் திருத்துவது. பல நாடுகளின் ஆய்வுகளில் பயன் நிரூபிக்கப்பட்ட முறை இது.

ஆனால் சின்னம்மாவிடம் போய், "தெருவில் இறங்கினால் ஆபத்து என்று நினைக்கிறீர்களே, சான்று என்ன?" என்று கேட்டால் அவர் தழும்பைக் காட்டுவார். அது சிந்தனைப் பிழை அல்ல, சரியான கணிப்பு. அதைத் திருத்தப் போனால் நாம் செய்வது சிகிச்சை ஆகாது.

அப்படியென்றால் இந்த முறையைத் தூக்கி எறிய வேண்டுமா? வேண்டாம். சில வாரம் கழித்து அவர் இன்னொன்று சொன்னார்: "நான் அந்தக் குழாய்க்குப் போயிருக்கக் கூடாது தம்பி. என் புத்தியச் செருப்பால அடிக்கணும்." இது பிழையான எண்ணம். இது அவருடையதும் அல்ல. ஊர் அவர் வாயில் வைத்த சொல். பெக்கின் கேள்விகள் இங்கே கத்திபோல் வேலை செய்யும். குழாய் யாருடையது? வரி யார் கட்டுகிறார்கள்? வேறொரு பெண் போயிருந்தால் அவளைக் குற்றம் சொல்வீர்களா? சாதியால் வரும் பயத்தையும், சாதி உள்ளே புகுந்து பேசும் குரலையும் பிரித்தறியத் தெரிந்தவர் கையில்தான் இந்த முறையைக் கொடுக்க வேண்டும்.

உள்ளே புகுந்த அந்தக் குரலை அமெரிக்காவில் அளந்து காட்டிய கறுப்பின உளவியலாளர்கள் இருவர் உண்டு: கென்னத் கிளார்க், மேமி கிளார்க். கறுப்புப் பொம்மை, வெள்ளைப் பொம்மை என இரண்டையும் வைத்து, எது நல்ல பொம்மை என்று கறுப்பினக் குழந்தைகளிடம் கேட்டார்கள். பல குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். கிளார்க் தம்பதியினர் அந்த முடிவோடு நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1954இல் பள்ளிகளில் இனப்பிரிவினையைச் சட்டவிரோதம் என்று அறிவித்த பிரௌன் வழக்குத் தீர்ப்பின் அடிக்குறிப்பில் கென்னத் கிளார்க்கின் ஆய்வு இடம்பெற்றது. குழந்தையின் மனத்தில் கண்ட காயத்துக்கு அவர்கள் பள்ளியின் வாசலில் மருந்து தேடினார்கள்.

4. பிளிடா மருத்துவமனையின் பாடம்

ஃபிரான்ஸ் ஃபனானைப் போராட்டக்காரராகவே நாம் வாசிக்கிறோம். அவர் மனநல மருத்துவர் என்பதை மறந்துவிடுகிறோம். 1953இல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த அல்ஜீரியாவின் பிளிடா மருத்துவமனையில் பொறுப்பேற்றார். அவர் கையில் இரண்டு பிரிவுகள்: ஐரோப்பியப் பெண்கள், அல்ஜீரிய முஸ்லிம் ஆண்கள். பிரான்சில் கற்ற சமூகச் சிகிச்சையை இரண்டிலும் கொண்டுவந்தார். நோயாளிகள் கூட்டம், கைத்தொழில், பத்திரிகை, விழா. பெண்கள் பிரிவில் முகங்கள் மலர்ந்தன. ஆண்கள் பிரிவில் யாரும் அசையவில்லை.

வேறொருவராக இருந்தால் 'இவர்கள் இப்படித்தான்' என்று எழுதியிருப்பார். அந்த ஊரில் அப்போதிருந்த காலனிய மனநல மருத்துவம் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தது. ஃபனானும் அவருடைய சக மருத்துவர் ஜாக் அசுலேயும் 1954இல் எழுதிய கட்டுரையில் தவறு தங்கள் முறையில் என்றார்கள். ஆள்கிறவர்களின் விழாவையும் பாட்டையும் வேலையையும் ஆளப்படுகிறவர்கள் மேல் சுமத்திவிட்டு அவர்கள் ஏன் சிரிக்கவில்லை என்று கேட்டோம் என்று ஒப்புக்கொண்டார்கள். பிறகு அந்தப் பிரிவில் அல்ஜீரியத் தேநீர்க்கடை வந்தது, இசுலாமிய விழாக்கள் வந்தன, கதைசொல்லி வந்தார். ஆண்கள் பேசத் தொடங்கினார்கள்.

கதை அங்கே முடியவில்லை. 1956 கடைசியில் ஃபனான் வேலையை விட்டார். மனிதரைத் தம் சொந்த மண்ணில் அந்நியராக்கும் ஓர் ஆட்சிக்குள், நலமான மனத்தோடு திரும்பிப் போங்கள் என்று நோயாளியை அனுப்புவதில் பொருள் இல்லை என்பதே அவர் ராஜினாமாக் கடிதத்தின் சாரம். சிகிச்சை முறை மக்களின் வாழ்விலிருந்து வர வேண்டும் என்பது அவரிடம் நாம் கற்கும் முதல் பாடம். எவ்வளவு நல்ல முறைக்கும் ஓர் எல்லை உண்டு, அந்த எல்லைக்கு அப்பால் அரசியல் தொடங்குகிறது என்பது இரண்டாவது.

5. ஏர்வாடியை மறக்கக்கூடாது

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எல்லா மனநோய்க்கும் சாதிதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. மனச்சிதைவு போன்ற நோய்கள் எல்லாச் சாதியிலும் வருகின்றன. அவற்றுக்கு மருந்து வேண்டும், சீக்கிரம் வேண்டும்.

நம் பக்கத்தில் மனசு சரியில்லை என்றால் கோடாங்கியிடம் குறி கேட்பார்கள், பிறகு கோயில், பிறகு தர்கா. கோடாங்கியை நான் கேலி செய்ய மாட்டேன். அவர் உடுக்கை எடுத்தால் வீடு மொத்தமும் உட்கார்ந்து கேட்கும். மருமகளின் வாயில் வெளிவராத குறையெல்லாம் சாமியின் பெயரால் வெளியே வரும். குடும்பத்தையே அறைக்குள் அழைக்கும் அந்த வழக்கத்தை மேற்கத்திய முறைகள் வெகுகாலம் கழித்தே கற்றன. ஆனால் தீராத நோயை அந்த வழியில் தள்ளிப்போட்டதன் விலையை நம் மண் பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 விடிகாலை ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். 1985இல் விருதுநகர் மாவட்டம் பிரியும் வரை ஏர்வாடியும் நாமும் ஒரே இராமநாதபுரம் மாவட்டம்.

தேசிய மனநலத் திட்டம் 1982லேயே வந்திருந்தது. மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் தொடங்கியபோது தமிழ்நாட்டில் முதலில் எடுத்தது திருச்சி மாவட்டத்தை. மருந்து நோயாளியின் ஊருக்குப் பக்கத்தில் கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, சாதி உள்ளிட்ட எந்தப் பாகுபாடும் இல்லாமல் மனநலச் சேவை பெறுவது உரிமை என்கிறது. 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக்கூடாது, அரசு அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தர வேண்டும் என்கிறது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தயங்குகிறவர்களிடம் இதை வீடு வீடாகச் சொல்லுங்கள்.

6. வாக்குமூலம் மருந்தாகும்போது

இதுவரை சொன்ன முறைகளில் பேச்சு மூடிய அறைக்குள் நடந்தது. அதைத் தெருவுக்குக் கொண்டுவந்த முறை ஒன்று உண்டு. 1973 இராணுவப் புரட்சிக்குப் பின் சிலி நாட்டில் சித்திரவதைக்கு ஆளானவர்களோடு வேலை செய்த உளவியலாளர்கள் எலிசபெத் லிராவும் யூஜினியா வெய்ன்ஸ்டைனும். பாதிக்கப்பட்டவர் நடந்ததைச் சொல்வார், பதிவு செய்வார்கள், இருவருமாகத் திருத்தி ஓர் ஆவணமாக்குவார்கள். அந்தக் காகிதம் குற்றத்துக்கு எதிரான சாட்சியாகவும், சொன்னவரின் வலிக்கு மருந்தாகவும் இருந்தது. 1983இல் புனைபெயரில்தான் இதை அவர்களால் வெளியிட முடிந்தது. ஆட்சி அப்படி.

அந்த முறை இந்தியாவுக்கு வந்தது. வாரணாசியில் இயங்கும் மக்கள் கண்காணிப்புக் குழுவினர், டென்மார்க்கின் சித்திரவதை மறுவாழ்வு மையத்தோடு சேர்ந்து, போலீஸ் கொடுமைக்கும் வன்முறைக்கும் ஆளானவர்களிடையே அதைச் செய்து பார்த்தார்கள். முதல் இரண்டு அமர்வில் வாக்குமூலம் எழுதப்படும். மூன்றாவது அமர்வு ஒரு விழா. ஊரார் முன்னிலையில் அந்த வாக்குமூலத்தை வாசித்து, அவரை மரியாதை செய்து, அவர் கையில் கொடுப்பார்கள். ஒன்றிரண்டு மாதம் கழித்து நான்காவது சந்திப்பு. 2009இல் வெளியான முதல் அறிக்கையில் 23 பேர். அவர்களின் மனநல அளவீடுகள் மேம்பட்டிருந்தன. ஒப்பீட்டுக் குழு இல்லாததால் முன்னேற்றம் இந்த முறையால்தான் வந்தது என்று அறுதியிட முடியாது என்றும் அவர்களே எழுதினார்கள். அந்த நேர்மையோடு நாமும் இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதைப் படித்தபோது எனக்கு நம் மாவட்டத்தின் மேற்குக் கோடிதான் நினைவுக்கு வந்தது. புதுப்பட்டியில் பிறந்த பாமா, துறவற மடத்தை விட்டு வெளியே வந்து, கையில் எதுவும் இல்லாத நிலையில் தன் வாழ்வை எழுதினார். 1992இல் 'கருக்கு' வந்தது. சொந்த ஊரில் முதலில் கோபம்தான் எழுந்தது. நம் குறையை ஊரறியச் சொல்லிவிட்டாயே என்றார்கள். பிறகு புரிந்துகொண்டார்கள். எழுதியது தன்னை ஆற்றியது என்று பாமா சொல்லியிருக்கிறார். சிலியில் உளவியலாளர்கள் கண்டதை ஒரு தலித் பெண் தன் பேச்சுமொழியில் தானே கண்டுபிடித்தார். நம் தன்வரலாறுகளை இலக்கியமாக மட்டும் மதிப்பிடுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும். இந்த மன்றம் இத்தனை ஆண்டுகளாக நடத்தும் வாசிப்புக் கூட்டங்களிலும் சிகிச்சை நடந்திருக்கிறது. நாம் அந்தப் பெயரைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் ஓர் ஆபத்தைச் சொல்லியாக வேண்டும். சொல்லத் தயாராக இல்லாதவரை மேடையேற்றக்கூடாது. வழக்கு நடக்கும்போது எதைப் பொதுவில் வாசிக்கலாம் என்பதை வழக்கறிஞரிடம் கேட்க வேண்டும். வாசித்துவிட்டு அன்றிரவு அவரைத் தனியே விடக்கூடாது. பாதிக்கப்பட்டவரின் கண்ணீர் கூட்டத்துக்கு அலங்காரம் அல்ல.

7. ஆற்றுப்படுத்துதல்

ஆங்கிலத்தில் 'கவுன்சலிங்' என்பதைத் தமிழில் ஆற்றுப்படுத்துதல் என்று வைத்தார்கள். யார் வைத்தாரோ, நல்ல சொல். பத்துப்பாட்டின் ஆற்றுப்படைகளில், பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன் எதிரே பசியோடு வரும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். வழி சொல்கிறவன் அதே வழியில் நடந்தவன், அதே பசியை அறிந்தவன்.

உலகம் இப்போதுதான் அந்த இடத்துக்கு வருகிறது. ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் 2005இல் ஏழைகளின் குடியிருப்புகளை அரசு இடித்துத் தள்ளியது. அடுத்த ஆண்டு மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா, சுகாதார நிலையங்களின் வெளியே மரத்தடியில் பெஞ்சு போட்டு, அந்தந்தப் பகுதிப் பாட்டிமார்களை அமரவைத்தார். நான் முன்பு சொன்ன சிக்கல் தீர்க்கும் முறையின் எளிய வடிவத்தை அவர்களுக்குப் பயிற்றுவித்தார். அங்கே அந்த நோயின் பெயரே 'அதிகமாக யோசிப்பது' என்றுதான். 573 பேரைக் கொண்டு 2016இல் வெளியான ஆய்வு அது பலன் தருவதைக் காட்டியது. நம் நாட்டில் கோவாவில் விக்ரம் பட்டேலும் சங்காத் அமைப்பினரும் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் 495 பேரிடம் நடத்திய ஆய்வு, உள்ளூரில் பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகளில் கடும் மனச்சோர்வைக் குறைக்க முடியும் என்று காட்டியது. முடங்கிக் கிடப்பவரை அன்றாட வேலைக்கும் உறவுக்கும் சிறுகச் சிறுகத் திருப்பும் செயலூக்க முறையை அங்கே கையாண்டார்கள்.

சின்னம்மாவுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். "நாளை குழாயடி வரை நடந்து வாருங்கள்" என்று சொன்னால் அது கோவாவில் சிகிச்சை. இங்கே அவரைத் தனியே அனுப்பினால் அது கொடுமை. நான்கு பெண்கள் சேர்ந்து போக வேண்டும். அப்போது அதே பயிற்சி உரிமைப் போராட்டமாகவும் ஆகிவிடுகிறது.

உண்மையில் நடந்ததும் அதுதான். அந்தக் காலனியின் பெண்கள் அவரோடு சேர்ந்து குழாய்க்குப் போனார்கள். நீதிமன்றத் தேதிகளில் முறைவைத்து இருவர் கூடவே போனார்கள். மாத்திரையை அவர் நிறுத்தவில்லை, மருத்துவர் குறைத்தார். அடிக்கப்பட்ட அந்த வரியை நான் வேறொரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்தேன். அதை வழக்கறிஞர் மனுவில் சேர்த்தார். எது தூக்கத்தைக் கொண்டுவந்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. வழக்கு தோற்றது. ஆனால் அவர் சாட்சியை மாற்றவில்லை.

8. நாம் செய்ய வேண்டியவை

அவையோரே, ஒப்பீட்டின் முடிவாக ஒரு முறையை உயர்த்தி மற்றவற்றைத் தள்ள நான் வரவில்லை. ரிச்மண்டிடம் விசாரணை, ரோஜர்ஸிடம் மரியாதை, பெர்ல்மனிடம் முடிச்சவிழ்க்கும் பொறுமை, பெக்கிடம் உள்ளே புகுந்த சாதிக் குரலைக் குறுக்கு விசாரணை செய்யும் கேள்விகள், சிலியிடம் வாக்குமூலம், ஹராரேயிடம் நம்மவரே நமக்கு என்ற வழி. இத்தனையும் நமக்கு வேண்டும். ஆனால் எதைக் கையில் எடுத்தாலும் 'ஏன் வரவில்லை' என்ற வரியைப் பதிவேட்டில் எழுதியாக வேண்டும்.

இந்தப் பகுதியில் செய்யக்கூடியதாக மூன்று. காலனிக்கு இருவர் வீதம் நம் பெண்களும் இளைஞர்களும் அடிப்படைப் பயிற்சி பெற வேண்டும். யாரை உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பது அந்தப் பயிற்சியின் முதல் பாடமாக இருக்கட்டும். தற்கொலை எண்ணம் வந்தவர் யாராயினும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம் என்பதை ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதுவோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் சேர்த்த 15அ பிரிவு, பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பையும் பயணச் செலவையும் உரிமையாக்கியிருக்கிறது. அதை மனு எழுதிக் கேட்போம். பயத்துக்கு அதுவும் மருந்து.

கடைசியாகத் தலைப்புக் கேள்வி. அடித்தவரின் மனத்தை நோய் என்று அழைக்க எனக்கு விருப்பமில்லை. நோய் என்றால் அவர் பொறுப்பிலிருந்து தப்பித்துவிடுவார். குற்றத்துக்குச் சட்டம் இருக்கிறது. ஆனால் அந்த மனம் பிறவியில் வந்தது அல்ல. வீட்டிலும் பள்ளியிலும் கோயில் வாசலிலும் கற்றுக்கொடுக்கப்பட்டது. கற்றதை மறக்கவைக்கும் வேலையை அம்பேத்கர் 1936இல் அந்தப் பக்கத்திடம் ஒப்படைத்தார். சமூகப் பணிக் கல்லூரிகள் ஊர்த்தெருவுக்கு இன்னும் களப்பணிக்கு மாணவர்களை அனுப்பவில்லை. காலனிக்குத்தான் அனுப்புகிறார்கள். பதிவேட்டோடு ஒரு மாணவர் ஊர்த்தெருவில் இறங்கி, "குழாயடியில் அந்த அம்மாவை ஏன் அடித்தீர்கள், அப்போது உங்கள் மனத்தில் என்ன ஓடியது?" என்று கேட்டு எழுதும் நாள் வர வேண்டும். அந்தத் தாளின் ஓரத்தில் யாரும் சிவப்பு மையால் 'தொடர்பற்றது' என்று எழுதாமல் இருக்க வேண்டும்.